கப்பல்காரர் மனை

சட்டச் சீர்திருத்தக் குழுவில் சுருக்கெழுத்தாளராக இருந்தவளை அலுவலகத்தில் எல்லாரும் ஸ்டெனோ என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் பேசுவதை எழுதியே அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது என்று அவள் அம்மா சொல்வாள். பிறர் சொன்னதில் இருமலையும் தும்மலையும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருடம் குழு கையில் எடுத்தது அனுபோக பாத்தியச் சட்டம். ஒருவர் நிலத்தில் இன்னொருவர் வந்து உட்கார்கிறார். ஒளிவுமறைவு இல்லாமல், தன்னுடையதைப் போலவே அனுபவிக்கிறார். உரிமையாளர் பன்னிரண்டு வருடம் கேட்காமல் விட்டால், அதற்குப் பிறகு கேட்கும் உரிமையே அவருக்குப் போய்விடும். நிலம் உட்கார்ந்தவருக்கு. இதை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி. அப்படி எடுத்தால் ஏழை எளியவர்கள் தெருவில் நிற்பார்கள் என்று ஒரு கட்சி. குழு நடுவில் ஒரு வழி யோசித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தவர் உரிமை கேட்கும் முன் உரிமையாளரைத் தேடிப்பிடித்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும், உரிமையாளருக்கு இரண்டு வருட அவகாசம் தர வேண்டும் என்பது அந்த யோசனை.

இதை எழுதும்போதெல்லாம் ஸ்டெனோவுக்குத் தன் வீட்டு நினைவு வரும். அவள் தூங்குகிற அறையே அப்படிப்பட்ட ஒரு மனையில்தான் இருந்தது.

அவள் அப்பா லேத்துக்காரர். வேலை பார்த்த ஆலை மூடியபோது அங்கிருந்து இரும்பு கடைகிற ஒரு பழைய லேத் இயந்திரத்தை வாங்கி வந்தார். வைக்க இடமில்லை. குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் குப்பையும் தேங்கிய தண்ணீருமாக ஒரு காலி மனை கிடந்தது. கப்பலில் வேலை பார்த்த யாரோ வாங்கிப் போட்டுவிட்டுப் போனது என்று பேச்சு. தெருக்காரர்களுக்கு அது கப்பல்காரர் மனை. அப்பா அங்கே நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்டார். அது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். பிறகு பள்ளத்தை மண் கொட்டி நிரப்பினார். இயந்திரத்துக்குக் கான்கிரீட் மேடை போட்டார். கிணறு தோண்டினார். இரண்டு அறை கட்டிக் குடும்பத்தையே அங்கே கொண்டு வந்தார். மகளுக்குக் கல்யாணம் ஒத்துவராமல் அவள் திரும்பி வந்தபோது, ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல், பின்பக்கம் இன்னொரு அறைக்கு அஸ்திவாரம் போட்டார்.

இப்போது லேத்தை நடத்துவது தம்பி. அவனுக்கு இரண்டாவது இயந்திரம் வாங்க ஆசை. வங்கியில் மனைப் பத்திரம் கேட்டார்கள். பத்திரம் ஏது? ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தான். "பன்னெண்டு வருஷம் எப்பவோ தாண்டியாச்சு. புதுச் சட்டம் வர்றதுக்குள்ள வழக்கு போட்டா நிலம் உங்களுது" என்றார் வக்கீல். தம்பி அன்று வீட்டுக்கு வந்தபோது அவன் கால் தரையில் பாவவில்லை.

"அக்கா, அந்தச் சட்டம் எப்ப வருது?"

"ஆபீஸ் விஷயத்த வீட்டுல கேக்காதடா."

"சித்திரகுப்தன் பேரேடு பாரு. வெளிய சொல்லக் கூடாது."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். ஆனால் தம்பி வழக்குக்கு ஏற்பாடு செய்வதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

குழு அவள் ஊரிலேயே பொதுமக்கள் கருத்துக் கேட்க நாள் குறித்தது. நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் ஒரு கூடம். நீளமான மேசைக்குப் பின்னால் ஓய்வு பெற்ற நீதிபதியான தலைவி அம்மா, அவருக்கு இருபக்கமும் உறுப்பினர்கள், ஓரத்தில் சட்ட வாசகம் எழுதும் வரைவு அதிகாரி. பக்கவாட்டில் ஒரு சின்ன மேசையில் ஸ்டெனோ. ஒலிப்பதிவுக் கருவியைத் தலைவி அம்மா வைக்க விட்டதில்லை. "மெஷினைப் பாத்தா ஜனங்க மெஷின்கிட்டப் பேச ஆரம்பிச்சிடுறாங்க" என்பார். ஆகவே ஸ்டெனோவின் நோட்டில் இருப்பதுதான் சாட்சியம். அவள் அதைத் தட்டச்சு செய்து வைப்பாள். நாலு நாள் கழித்து ஆட்கள் வந்து படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு அது பொதுப் பார்வைக்குப் போகும்.

பதினோராவதாகப் பேசியவர் தங்க பிரேம் கண்ணாடி போட்டவர். அவருடைய அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில் அவர்கள் தோட்டத்தை யாரோ வளைத்துக்கொண்டு, வழக்கிலும் ஜெயித்துவிட்டார்களாம்.

"சங்கிலியைப் பறிக்கிறவன் ஓடிடுறான். நிலத்தைப் பறிக்கிறவன் அங்கயே உக்காந்துக்கிறான். ஓடுறவனைப் பிடிக்குது சட்டம். உக்காந்தவனுக்கு வருஷக் கணக்குப் போட்டு நிலத்தையே குடுக்குது. இந்த மாதிரி இடத்துல இருக்கிற அத்தனை பேரும் திருடங்கதாம்மா. வேற வார்த்தை இல்ல."

அவர் அப்பா கடைசிவரை தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஸ்டெனோ எழுதிக்கொண்டே வந்தாள். அவர் மேல் அவளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து வந்தது அவள் அப்பா.

தேய்த்த சட்டை. எவ்வளவு தேய்த்தாலும் போகாத எண்ணெய்க் கறையோடு விரல் நகங்கள். பின்வரிசையில் தம்பி. அரசாங்க ஏட்டில் அப்பாவின் வாய்மொழி ஒன்று ஏறிவிட்டால் வழக்குக்குப் பலம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் சொன்னால் தடுப்பாள் என்று தம்பி மறைத்துவிட்டான். இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் எழுந்து தலைவி அம்மாவிடம் போய், "அவர் என் அப்பாங்க. வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க" என்றாள்.

"இன்னொருத்தர் காய்ச்சல்னு லீவுல இருக்காரே. எழுதுங்க. காது கேக்குறதைக் கை எழுதப்போகுது. விரலுக்கு ஏது சொந்தபந்தம்?"

அவள் போய் உட்கார்ந்தாள்.

அப்பா முதலில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். எந்த வருடம் தகரம் போட்டது, எப்போது கிணறு தோண்டியது எல்லாம் வரிசையாக வந்தது. தம்பி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"இத்தனை வருஷத்துல யாராவது வந்து கேட்டாங்களா?" என்றார் தலைவி அம்மா.

யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். வீட்டில் நாலு முறை சொல்லிப் பார்த்ததுதான். ஆனால் அப்பா திரும்பி, கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அம்மா, இப்ப ஒருத்தர் எங்களை எல்லாம் திருடன்னு சொல்லிட்டுப் போனாரு. அவருக்கு அவர் வருத்தம். நான் திருடன் இல்ல. ரெண்டாவது வருஷம் கப்பல்காரரே வந்தாரு. நான் பயந்துபோய், காலி பண்ணிடறேன் சார்னு சொன்னேன். அவரு, எனக்கு இப்பத் தேவையில்ல, நான் திரும்பி வர்ற வரைக்கும் இருந்துக்குங்க, இடத்தையும் பாத்துக்குங்கன்னாரு. அவர் சொல்லித்தான் இருக்கேன். இன்னிக்கு வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பின்வரிசையில் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். ஸ்டெனோவின் பென்சில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா என்ன சொல்லிவிட்டார் என்று அந்தக் கூடத்தில் சட்டம் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரியும். உரிமையாளர் அனுமதி கொடுத்து இருந்தவனுக்குப் பன்னிரண்டு வருடம் இல்லை, நூறு வருடம் ஆனாலும் பாத்தியம் கிடையாது. எதிர்த்து உட்கார்ந்தவனுக்குத்தான் வருடக் கணக்கு ஓடும். அனுமதி வாங்கி இருந்தவன் வெறும் விருந்தாளி. அப்பா ஒரே மூச்சில் வீட்டையும் பட்டறையையும் கொடுத்துவிட்டு, நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டு, படி இறங்கிப் போனார்.

மறுநாள் காலை அவள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் பேசியது முடிந்தது. அப்பாவுடையது வந்தது. "நான் திருடன் இல்ல" என்பதுவரை அடித்துவிட்டு நிறுத்தினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தாள். அவள் அறை நினைவுக்கு வந்தது. புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய நாளில், அப்பா செங்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவள் கப்பல்காரர் வந்ததை விட்டுவிட்டு, அடுத்த சாட்சியத்தை அடிக்க ஆரம்பித்தாள். பக்கம் நாலைந்து வரி குறைந்தது. அவ்வளவுதான். அச்செடுத்துக் கோப்பில் வைத்தாள். பத்தொன்பது வருடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை வீட்டில் வேறு மாதிரி இருந்தது. தம்பி அப்பாவிடம் ஏற்கெனவே கத்தித் தீர்த்திருந்தான். ஆனால் என்ன தப்பு என்பதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல அவனுக்கு வரவில்லை. அப்பா அவனைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் மகளுக்காகக் காத்திருந்தார்.

"ஏம்மா, நேத்து நான் பேசினது எல்லாம் எழுத்துல வந்திருச்சா?"

"வந்திருச்சுப்பா."

"கப்பல்காரர் சொன்னது? அதுதான் முக்கியம். அந்த ஆளு அத்தனை பேருக்கு முன்னாடி திருடன்னு சொல்லிட்டாரு. நாளைக்கு யார் எடுத்துப் படிச்சாலும் இந்த லேத்துக்காரன் கேட்டுட்டு இருந்தவன்னு தெரியணும்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். அவள் எடுத்துவிட்ட வரிகளைத்தான் அவர் தன் மானமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அவளால் மறைக்க முடியவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் என்ன அர்த்தம், அது இருந்தால் என்ன போகும், அதனால் தான் என்ன செய்தாள் என்பது வரை. அப்பா கடைசிவரை கேட்டார்.

தம்பிக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா? அக்காவே எடுத்துட்டா. விட்டுடுங்கப்பா. நாலே வரி. தவளை தன் வாயால கெட்டது போதும்."

"வாய் இருக்கிற புள்ள பொழைக்கும்னு சொல்வாங்க. உங்கப்பனுக்கு வாய் இருக்கிறதாலதான் வம்பே" என்றாள் அம்மா. ஆனாலும் அவள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எழுந்து பட்டறைக்குப் போனார். லேத்தை ஓட்டும் சத்தம் கேட்டது. அவசர வேலை எதுவும் அன்றைக்கு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மகள் போய் வாசலில் நின்றாள்.

"அவர் இடம்னு தெரிஞ்சும், இத்தனை வருஷத்துல இது என் இடம்னுதாம்மா நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார், இயந்திரத்தை நிறுத்தாமல். "காவல்காரன்னு இப்பத்தான் தெரியுது."

"நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செய்யறேன்பா. விடச் சொன்னா விட்டுடறேன்."

"நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம் என்ன? நான் சொல்லாததை எழுதினாத்தானே பொய். சொன்னதை எடுத்தாலும் அதேதானே." இயந்திரத்தை நிறுத்தினார். "உன் ரூமும் போகுமா?"

"அதுவும் அந்த மனையிலதான்பா."

அவர் பழந்துணியை எடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

விடிந்ததும் அவள் அலுவலகம் போய் அந்தப் பக்கத்தை எடுத்துக் கிழித்துவிட்டு முழுதாக அடித்து வைத்தாள். தலைவி அம்மா வந்ததும் நேரே போய் நடந்ததைச் சொன்னாள்.

தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப அது கோப்புல இருக்கா?"

"இருக்குங்க."

"அப்பப் போய் வேலையைப் பாருங்க. இனிமே சொந்தக்காரங்க யாராவது வந்தா நான் சொன்னாலும் உக்காராதீங்க. அன்னிக்கு உங்களை உக்கார வெச்சது என் தப்பு."

கையெழுத்து நாளன்று அப்பா தனியாக வந்தார். தம்பி வரவில்லை. அப்பா தன் சாட்சியத்தை விரல் வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கப்பல்காரர் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது.

"இதுல இன்னொண்ணு சேக்கலாமாம்மா?" என்று தலைவி அம்மாவைக் கேட்டார்.

"சொல்லுங்க ஐயா."

"எனக்குச் சட்டம் தெரியாது. என் பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது. யாரையும் கேக்காம, மதிக்காம உக்காந்தவனுக்குப் பன்னெண்டு வருஷத்துல நிலம் கிடைக்குது. கேட்டு, மரியாதையா இருந்தவனுக்கு ஒண்ணும் கிடையாது. அவர் இடம், அவருக்குத்தான். அதுல எனக்குத் தகராறு இல்ல. ஆனா அந்தப் பள்ளத்தை மூடினது நான். கிணறு வெட்டினது நான். நாளைக்கு எந்திரின்னு சொன்னா எந்திரிச்சிடணும். அப்போ சட்டம் எங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்குது? கேக்காதே, உக்காந்துக்கோன்னுதானே?"



"அதுக்கு இப்பச் சட்டத்துல பதில் இல்லைங்க, ஐயா" என்றார் தலைவி அம்மா. வரைவு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எழுதியெடுத்தது காய்ச்சலிலிருந்து திரும்பியிருந்த இன்னொரு ஸ்டெனோ. மகள் சுவரோரம் நின்று கேட்டாள்.

வக்கீல் வழக்கைக் கைவிட்டார். தம்பி அக்காவிடம் பேசுவதை நிறுத்தினான். ஒரே கூரைக்குக் கீழே அவளைத் தாண்டிப் போவான். சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வான். அம்மா நடுவில் உட்கார்ந்துகொண்டு, "உங்க ரெண்டு பேருக்கும் நான் தபால்காரியா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு பக்கமும் செய்தி கொண்டு போவாள்.

அடுத்த மாதம் அப்பா சொன்னார்: "திரும்பி வர்ற வரைக்கும்னு சொன்னாரு. வரவேயில்ல. நாமளாவது போய்ப் பாக்க வேண்டாமா?"

நில ஆவண அலுவலகத்தில் பழைய முகவரி கிடைத்தது. அதைப் பிடித்து விசாரித்துக்கொண்டு போனதில் கப்பல்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது என்று தெரிந்தது. ஒரே மகள். நாலு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வேறொரு ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. அப்பாவும் ஸ்டெனோவும் ஒரு விடுமுறை நாளில் போனார்கள்.

டீச்சர் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தாள். மேசை முழுக்க விடைத்தாள். இரண்டு பெண் குழந்தைகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். வந்தவர்களை அவள் உட்காரச் சொன்னாளே தவிர, கதவைச் சாத்தவில்லை.

"உங்க அப்பா என்கிட்ட ஒரு இடத்தைப் பாத்துக்கச் சொன்னாரும்மா" என்றார் அப்பா. "பாத்துக்கிட்டேன். உங்ககிட்டச் சொல்லிடலாம்னு வந்தோம்."

"என்ன இடம்?"

சொன்னார்.

"எங்கப்பா எங்களுக்கு எதையும் விட்டுட்டுப் போகல. எங்களைத்தான் விட்டுட்டுப் போனாரு" என்றாள் டீச்சர். "அவர் பேரைச் சொல்லிக்கிட்டு வந்த யாரும் இதுவரைக்கும் நல்ல சேதி கொண்டு வந்ததில்ல. உங்களுக்கு என்ன வேணும், நேராச் சொல்லுங்க. எதுலயாவது கையெழுத்துப் போடணுமா?"

"ஒண்ணும் போட வேண்டாம்" என்றாள் ஸ்டெனோ. "ஆவண நகல் கொண்டு வந்திருக்கோம். உங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல்கிட்டக் காட்டுங்க. நாங்க அந்த மனையில வீடு கட்டி இருக்கோம். அதையும் மறைக்காமச் சொல்லிடறோம்."

டீச்சர் நகலை வாங்கிப் பார்த்தாள். தன் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. திருத்துகிற சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"இப்படி வீடு தேடி வந்து, உன் நிலத்துல நான் இருக்கேன்னு யாராவது சொல்வாங்களா?"

"என் பையனும் அதைத்தாம்மா கேக்குறான்" என்றார் அப்பா.

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. குழந்தைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"நீங்க அவரை நேர்ல பாத்தீங்களா? எப்படி இருந்தாரு? எனக்கு அப்ப எட்டு வயசு. சரியா ஞாபகம் இல்ல."

அப்பா யோசித்துச் சொன்னார். உயரமான ஆள். வெயிலில் வந்தார்; இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். லேத் ஓடுவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். கப்பலில் இதைவிடப் பெரிய இயந்திரம் இருக்கிறதென்றும், கடல் ஆடும்போது அதில் வேலை செய்வது எப்படியென்றும் சொன்னார். போகும்போது, கடைந்து வைத்திருந்த ஒரு சின்னப் பித்தளைப் பம்பரத்தைக் காட்டி, இதை எடுத்துக்கலாமா, வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது என்று கேட்டார்.

"எனக்கு எந்தப் பம்பரமும் வரல" என்றாள் டீச்சர்.

"கேட்டு வாங்கிட்டுத்தாம்மா போனாரு" என்றார் அப்பா. அவர்கள் கிளம்பியபோது டீச்சர் கீழே பேருந்து நிறுத்தம்வரை வந்து வழி காட்டினாள்.

அதற்காக உடனே எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. டீச்சருடைய கணவர் வந்து மனையைப் பார்த்துவிட்டு, மொத்தமாகக் காலி செய்யுங்கள் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவர்களும் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். டீச்சரின் வக்கீல் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். தம்பி அதைப் படித்துவிட்டு அம்மா மூலமாக அக்காவுக்குச் சொல்லியனுப்பினான்: "போற ஓணானைப் புடிச்சு மடியில கட்டிக்கிட்டாங்கன்னு சொல்லு." ஸ்டெனோ வேறு வாடகை வீடு பார்க்கக்கூட ஆரம்பித்தாள்.

ஆறு மாதம் இழுத்தது. கடைசியில் டீச்சரே தனியாக வந்தாள். பட்டறைக்குள் போய் நின்றாள். அளந்து வந்தவர்கள் கொடுத்த வரைபடத்தை லேத் மேடை மேலேயே விரித்து, நடுவில் ஒரு கோடு போட்டாள். பட்டறையும் முன் அறைகளும் இருக்கிற பாதியைக் குடும்பத்துக்கு விற்றுவிடுவதாகச் சொன்னாள். விலையையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். கிணற்றுப் பக்கத்துப் பாதியில் தான் வீடு கட்டிக்கொள்ளப் போவதாகவும், தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் பொது என்றும் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இதுல முழுச் சம்மதம் இல்ல" என்றாள். "அவர்கிட்டச் சொல்லிட்டேன். நீங்க தேடி வந்து சொல்லலன்னா எனக்கு இந்தப் பாதியும் கிடைச்சிருக்காதுன்னு."

தம்பி வரைபடத்தைக் குனிந்து பார்த்தான். இரண்டாவது இயந்திரத்துக்கு அவன் மனதில் வைத்திருந்த இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அக்காவின் அறையும் அந்தப் பக்கம்தான். ஆனால் இந்தப் பக்கத்துக்குப் பத்திரம் உண்டு. அவன் கோட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்றான்.

குழுவின் அறிக்கை அதே சமயத்தில்தான் வெளியானது. உட்கார்ந்தவர் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியோடு புதிதாக ஒரு பிரிவும் சேர்ந்திருந்தது. உரிமையாளரின் வாய்மொழி அனுமதியில் நெடுநாள் இருந்து, நல்லெண்ணத்தோடு நிலத்தை மேம்படுத்தியவரை மூன்று வருட முன்னறிவிப்பும், கட்டியதற்கு ஈடும் இல்லாமல் வெளியேற்றக் கூடாது. நிலத்தை விற்பதாக இருந்தால் முதலில் அவரைக் கேட்க வேண்டும். அதை அச்சுக்குக் கொடுக்கத் தட்டச்சு செய்தது ஸ்டெனோதான். சட்டமாக வர இன்னும் ஒரு வருடம் ஆனது. வந்தபோது லேத்துக்காரருக்கு அதனால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. அவருக்குக் காட்டினாள். விரல் வைத்துப் படித்துவிட்டு, "மூணு வருஷம்னா பரவாயில்ல" என்றார். "நம்ம அளவுக்கு ஓட வேண்டியதில்ல."

சட்டம் வருவதற்கு முன்னாலேயே, டீச்சர் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன், ஸ்டெனோவின் அறையை இடித்தாக வேண்டியிருந்தது. கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றார் அப்பா. தம்பி வேண்டாம் என்றுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு அவனே இறங்கினான். செங்கல்லை உடையாமல் ஒவ்வொன்றாக எடுத்து, பட்டறை மேல்தளத்துக்கு ஏற்றினான். அங்கே அவளுக்கு ஓர் அறை எழுப்புவதாக ஏற்பாடு. பகலெல்லாம் லேத் சத்தம் கேட்கும். ஆனால் அவள் பகலில் வீட்டில் இருப்பவள் இல்லை.

அவள் கீழே நின்று செங்கல்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் மேலே வாங்கி அடுக்கினான். நாற்பது ஐம்பது கல் போயிருக்கும். சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே கேட்டான்:

"ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கணும், அக்கா?"

பத்து மாதம் கழித்து அவளை நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. அவள் அடுத்த செங்கல்லைத் தூக்கிக் கொடுத்தாள்.

"தெருப் பக்கமா வையிடா. நீ வெட்டி அரட்டை அடிக்கிறது மேல இருந்து எனக்குத் தெரியணும்."

"அப்ப ஜன்னலே கிடையாது போ" என்றான் தம்பி. ஆனால் பென்சிலை எடுத்துத் தெருப்பக்கச் சுவருக்கு அளவு குறிக்க ஆரம்பித்தான்.